நத்தைக்குப் பூச்சி மருந்து எதற்கு?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அரை ஏக்கரில் முள் கத்தரி நட்டிருக்கிறேன். வரப்போரம் துலுக்க சாமந்தி. மழை பிடித்ததிலிருந்து பெரிய நத்தைகள் நாற்றையும் சாமந்தியையும் மொட்டையடிக்கின்றன. கடையில் கொடுத்த பூச்சி மருந்தை அடித்தும் பலனில்லை. திரும்பப் போனால் நீலக் குருணையை மூட்டையிலிருந்து அள்ளி பாலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள். பில் கேட்டால் இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். லேபிள் இல்லாமல் மருந்தை இப்படிப் பிரித்து விற்பது 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு விரோதம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதலில் அடித்த மருந்து கேட்காததற்கும் காரணம் உண்டு. நத்தை பூச்சி இனமே இல்லை. புழுவுக்கும் அசுவினிக்கும் அடிக்கும் மருந்துகள் பெரும்பாலும் அதை ஒன்றும் செய்யாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஆப்பிரிக்க ராட்சத நத்தையாகத்தான் இருக்கும். 1847ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது, இன்று ஊரெல்லாம் பரவிவிட்டது. 500க்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும் என்றாலும் அதற்கென்று ஒரு நாக்கு ருசி இருக்கிறது. பப்பாளி, வாழை, முட்டைக்கோஸ், வெள்ளரி, சாமந்தி என்றால் உயிர். முற்றிய செடியைவிட இளநாற்றும், வாடி லேசாக அழுகத் தொடங்கிய இலையும் பிடிக்கும். ஓடு வளர சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் சுவர் வெள்ளையைக்கூடச் சுரண்டித் தின்னும். ஓடில்லாத நத்தைகளும் ராத்திரி ஈரத்தில் வந்து இளந்தளிரைத்தான் தேடும்.

இந்த ருசியை வைத்தே அதைப் பிடிக்கலாம், செலவும் குறைவு. சாயங்காலம் ஈரக் கோணியை வரப்புக்கும் கத்தரிக்கும் நடுவே விரித்து, அடியில் பப்பாளி இலையும் கனிந்த பழமும் கோஸ் கழிவும் போடுங்கள். விடிவதற்குள் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போட்டு, ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம், மூளையைப் பாதிக்கும் ஒரு புழு இதில் இருக்கலாம். உப்பை நிலத்தில் தூவாதீர்கள், மண் கெட்டுவிடும்.

பிறகும் அடங்காவிட்டால் நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு குருணை வாங்கலாம். சீல் வைத்த பாக்கெட்டில் பதிவு எண், காலாவதி தேதி, உற்பத்தியாளர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். மழை விட்ட மாலையில் வையுங்கள். நனைந்துவிட்டால் வேலை செய்யாது, தண்ணீர் கிடைத்தால் நத்தையும் தேறிவிடும். நாய், ஆடு, கோழி தின்றால் செத்துவிடும், அதனால் அவை எட்டாத இடத்தில் மட்டும். அளவில் சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

அப்புறம், அந்த முதல் மருந்து டப்பாவை எறிந்துவிடாதீர்கள். அதோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பில் தர மறுத்ததற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.