இனவெறிக் கொடுமையைச் சொல்லும் நாவலை 12 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் கேட்கும் தோரணையைப் பார்த்தால், வீட்டில் யாரோ ஏற்கெனவே "வேண்டாம்" என்று முகம் சுளித்திருக்கிறார்கள். எனக்கும் அந்த அர்ச்சனை நடந்தது.

அக்கா மகளுக்கு நான் வாங்கித் தந்தது மில்ட்ரெட் டெய்லர் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. 1976-ல் வந்து, மறு வருடமே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கிய நாவல். பெரியவர்கள் புத்தகத்தைப் பிள்ளை தலையில் கட்டினேன் என்று யாரும் கமென்டில் கிளம்ப வேண்டாம்.

கதை 1933-ல், மிசிசிப்பியில். முதல் அத்தியாயத்திலேயே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பாடப்புத்தகம் வருகிறது. உடம்பில் தூசி பட்டாலே தாங்காத ஆறு வயது லிட்டில் மேன் கையில் அழுக்கேறிய ஒன்று. உள் அட்டையில் ஒரு பட்டியல்: எந்தத் தேதி, புத்தகத்தின் நிலை, மாணவரின் இனம். 11 முறை வெள்ளைப் பிள்ளைகளிடம் போய், 'மிக மோசம்' ஆன பிறகு 12-வதாக இவர்களுக்கு. பயல் அதைத் தரையில் வீசி மிதிக்கிறான். டீச்சர் பிரம்பெடுக்கிறார்.

"மாமா, அந்த டீச்சரும் கறுப்பினம்தானே, அப்புறம் ஏன் அவனை அடிக்கிறாங்க?" என்றாள். "மேல படி. அவன் அம்மாவும் அங்க டீச்சர்தான். அந்தப் பட்டியல் மேல பேப்பர் ஒட்டி மறைப்பாங்க. அவங்க வேலை என்ன ஆகுதுன்னு பாரு" என்றேன்.

அக்காவுக்கு விஷயம் போனதும் போன். "ஆளுங்களைக் கொளுத்துறதை எல்லாம் சின்னப் பொண்ணு படிக்கணுமாடா?" அதே வீட்டு டிவியில் வாரத்துக்கு ஒருமுறை யாராவது பாலில் விஷம் கலக்குவார்கள். அதற்குப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள். அக்கா இந்தப் பதிலைப் படித்தாலும் பரவாயில்லை.

வாங்கும்போது விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். எனக்கு ஓர் ஆன்லைன் கடை அனுப்பியது திருட்டுப் பிரதி. நடுவில் சில பக்கங்கள் தலைகீழ், எழுத்தெல்லாம் சாம்பல். திருப்பி அனுப்பவும் வழியில்லை. அவள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்துத்தான் படித்தாள்.

கடைசி இரண்டு அத்தியாயங்களில் கும்பல் ஒரு பையனை வீட்டுக்குள்ளிருந்து அடித்து இழுத்து வரும். அதை மட்டும் தூங்கப் போகும் நேரத்தில் கொடுக்காமல், நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிறு மத்தியானமாகப் பார்த்துக் கொடுங்கள்.