பதில்: ஆடிட்டர் ஆபீஸ் வேலை, ரெண்டே வாரத்துல நின்ன திட்டம்

வணக்கம் சகோதரி. பி.காம் முடிச்சு ஆடிட்டர் ஆபீஸ்ல சேர்ந்து மூணு மாசம். ஆங்கிலம், எக்செல், குரூப் 4, நடைப்பயிற்சி எல்லாத்தையும் ஒரே அட்டவணையில போட்டு ரெண்டாவது வாரமே விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க. சோம்பேறின்னு உங்களையே திட்டிக்காதீங்க, தப்பு அட்டவணையில இருக்கு.

உங்க வேலையில மாசா மாசம் கடைசி நாள் இருக்கு: 7ம் தேதி டிடிஎஸ் (பிடிச்ச வரியைக் கட்ட), 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் கொடுக்க), 20ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாசக் கணக்கோட வரி கட்ட). அதனால 5ம் தேதியிலிருந்து 20 வரை படிப்புக்குத் தினம் 15 நிமிஷம் போதும். 21க்கு மேல ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துல அடுப்படி வேலை உங்க தலையில விழாதுன்னு வீட்டுல முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க. பல பெண்களோட திட்டம் உடையறது அங்கதான்.

முதல் 90 நாள் எக்செல் மட்டும். ஆபீஸ்லயே தினம் கை பழகும். "எக்செல் கத்துக்கணும்"னு எழுதாதீங்க. "பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் ஜிஎஸ்டிஆர்-2பியையும் (சப்ளையர்கள் காட்டின பில்களோட பட்டியல்) எக்செல்ல தேடிப் பொருத்தற விலுக்-அப் (VLOOKUP) போட்டு ஒத்துப் பார்த்து, விட்டுப்போன பில்லை நானே கண்டுபிடிப்பேன்"னு எழுதுங்க. பில் நம்பருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலும் பொருந்தாது, முதல்ல அந்த ஸ்பேஸை எடுக்கற டிரிம் (TRIM) போடுங்க. ரெண்டு சப்ளையருக்கு ஒரே பில் நம்பர் வரும், அதனால ஜிஎஸ்டி எண்ணோட சேர்த்துத் தேடுங்க.

குரூப் 4 அதுக்கப்புறம். 200 கேள்வியில 100 தமிழ், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துலேருந்து ஆரம்பிங்க. சம்பளம் வந்த அன்னிக்கே உங்க பேர்ல ஆயிரம் ரூபாய் ஆர்டி (மாசா மாசம் கட்டற சேமிப்பு) போடுங்க. பரீட்சைக் கட்டணம், புத்தகத்துக்கு யார்கிட்டயும் கேட்க வேண்டாம்.