வாசகர் கேள்வி–பதில்: களத்திலிருந்து நிர்வாகத்துக்கு வந்த கோல்ஃப் வீராங்கனை

கேள்வி: தொழில்முறை கோல்ஃப் ஆடிய பெண்களில், பின்னாளில் விளையாட்டு நிர்வாகத்திலும் முத்திரை பதித்தவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: பலரும் அன்னிகா சோரன்ஸ்டாமின் பெயரைத்தான் சொல்வார்கள். அவரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். என்னைக் கேட்டால், இன்று அதிகம் பேசப்படாத அமெரிக்க வீராங்கனை கரோல் மேனிடமிருந்துதான் தொடங்குவேன். 1941-இல் பஃபலோ நகரில் பிறந்த இவர், 1960-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். ஆறடி மூன்று அங்குல உயரம் கொண்டவர் என்பதால் எந்தக் கூட்டத்திலும் தனித்துத் தெரிவார். 1964-இல் பெண்களுக்கான வெஸ்டர்ன் ஓப்பன், அடுத்த ஆண்டே அமெரிக்க ஓப்பன் என இரண்டு பெரும் பட்டங்களை வென்றார். 1968-இல் மட்டும் பத்துப் போட்டிகளில் வெற்றி பெற்றார். அந்த ஆண்டு ஒரு சுற்று ஆட்டத்துக்குச் சராசரியாக 72.04 அடிகள் (கோல்ஃபில் அடிகள் குறையக் குறையத்தான் சிறப்பு) என்று அவர் எட்டிய அளவை, 1978-இல் நான்சி லோபஸ் வரும் வரை யாராலும் மிஞ்ச முடியவில்லை. மொத்த வெற்றிகள் 38.

1969-இல் பெண்கள் சுற்றில், அதாவது ஊர் ஊராக நடக்கும் தொழில்முறைப் போட்டித் தொடரில், அதிகப் பரிசுத்தொகை ஈட்டியவரும் அவரே. ஆனால் அந்தத் தொகை ஐம்பதாயிரம் டாலரைக்கூடத் தொடவில்லை. அதே ஆண்டு ஆண்கள் சுற்றில் முதலிடம் பெற்றவர் அதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமாக ஈட்டியிருந்தார். உச்சத்தில் இருந்த வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், பத்தாவது இருபதாவது இடங்களில் இருந்தவர்கள் பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எல்பிஜிஏ எனப்படும் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் தலைவர் பதவியை 1973-இல் அவர் ஏற்றபோது சங்கத்தின் நிலைமை இதுதான்.

கேள்வி: ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரே சங்கத் தலைவராகவும் இருப்பது முறையா? மற்றப் போட்டியாளர்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கரோல் மேனின் நிர்வாக வாழ்வின் மையமும் இதில்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1950-இல் 13 வீராங்கனைகள் சேர்ந்து அந்தச் சங்கத்தை நிறுவினார்கள். கூலிக்கு ஆள் வைக்கப் பணமில்லாத காலம் அது. ஊர் ஊராகக் காரோட்டிச் சென்று, மைதானத்தை அவர்களே ஆட்டத்துக்கு ஆயத்தம் செய்து, விளம்பரத்துக்கும் அலைந்து, அதன் பிறகு மட்டையைப் பிடித்து ஆடினார்கள். பாட்டி பெர்க், லூயிஸ் சக்ஸ் போன்ற பெரும் வீராங்கனைகளே அடுத்தடுத்துத் தலைவர்களாகவும் இருந்தார்கள். கைக்காசு போட்டு நடத்தும் சிறிய சங்கத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது; பரிசுத்தொகை வளர்ந்து, ஆட்டமே பிழைப்பாக மாறியபோது இதே ஏற்பாடு கழுத்தை நெரிக்கத் தொடங்கியது.

1972 மே மாதம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடந்த ஒரு போட்டியில் அது வெடித்தது. குழியைச் சுற்றியுள்ள சீரான புல்தரையில் பந்து வந்து நின்றதும், அதற்குப் பின்னால் ஒரு நாணயத்தையோ சிறு வில்லையையோ அடையாளமாக வைத்துப் பந்தை எடுத்துத் துடைக்கலாம், ஆனால் மீண்டும் அதே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. ஆணி பதித்த காலணிகள் கீறிய தடங்களை அந்நாளில் சரிசெய்யக் கூடாது (2019-இல்தான் அதற்கு அனுமதி வந்தது). ஆகவே பந்தை ஓர் அங்குலம் தள்ளி வைத்தாலே, குழிக்குச் செல்லும் பாதையில் உள்ள ஒரு கீறலைத் தவிர்த்துவிடலாம். அப்போதைய முன்னணி வீராங்கனைகளில் ஒருவரான ஜேன் பிளாலாக், பந்தை உரிய இடத்தில் திரும்ப வைக்கவில்லை என்று சொல்லி அந்தப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். முதலில் 500 டாலர் அபராதம் விதித்த சங்கத்தின் நிர்வாகக் குழு, சில நாட்களிலேயே ஓராண்டுத் தடையையும் விதித்தது. பிளாலாக் குற்றச்சாட்டை மறுத்து நீதிமன்றத்தை நாடினார்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் அவரோடு அதே பரிசுக்காக ஆடிக்கொண்டிருந்த வீராங்கனைகள். ஒருவரைத் தடை செய்தால் அவர் வென்றிருக்கக்கூடிய பணம் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். தடை விதித்தவர்களும் அந்த மற்றவர்களில் அடக்கம். அட்லாண்டா கூட்டரசு நீதிமன்றம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. பந்து நகர்த்தப்பட்டதா இல்லையா என்ற விசாரணைக்கே போகாமல், போட்டியாளர்களே சக போட்டியாளரைத் தம் விருப்பப்படி தொழிலிலிருந்து விலக்கி வைப்பது வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு முரணானது என்று 1973-இல் தீர்ப்பளித்தது. குழுவில் இருந்தவர்கள் தீய எண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு நேர்மையானவர்கள் அமர்ந்திருந்தாலும் அந்த நாற்காலியிலிருந்து வரும் தீர்ப்பைப் பிறர் நம்ப முடியாது என்பதே அந்த ஏற்பாட்டில் இருந்த கோளாறு.

தோழியர் இரண்டு அணியாகப் பிரிந்து, வழக்குச் செலவு வேறு சேர்ந்திருந்த அந்த ஆண்டில்தான் கரோல் மேன் தலைவரானார். 1975-இல் அவருடைய தலைமையின்கீழ் ரே வால்ப் சங்கத்தின் முதல் ஆணையராக, அதாவது தலைமை நிர்வாகியாக, நியமிக்கப்பட்டார். வால்ப் கோல்ஃப் ஆட்டக்காரர் அல்லர். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் சந்தைப்படுத்தல் பிரிவிலிருந்து வந்தவர். இந்த நியமனத்தைப் பிளாலாக் வழக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கால் நூற்றாண்டாக வீராங்கனைகளின் கையிலேயே இருந்த அதிகாரத்தை, வெளியிலிருந்து வரும் ஒருவரிடம் ஒப்படைக்கச் சக வீராங்கனைகளைச் சம்மதிக்க வைப்பது எளிய காரியம் அன்று. பதவியில் இருக்கும்போதே அந்தப் பதவியின் பிடியைத் தளர்த்தியதைத்தான் அவருடைய ஆகப் பெரிய நிர்வாகச் சாதனையாக நான் கருதுகிறேன். வால்ப் பொறுப்பில் இருந்த ஏழாண்டுகளில் பரிசுத்தொகை பல மடங்கு உயர்ந்தது.

கேள்வி: நிர்வாகப் பொறுப்பால் அவருடைய ஆட்டம் கெடவில்லையா?

பதில்: ஆணையரை நியமித்த அதே 1975-இல் அவர் நான்கு போட்டிகளை வென்றார். அதன் பிறகு வெற்றி இல்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பதவியை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்போது அவருக்கு வயது 34 ஆகியிருந்தது.

கேள்வி: ஓய்வுக்குப் பின் அவர் என்ன செய்தார்? அவர் வழியில் இன்று யாராவது இருக்கிறார்களா?

பதில்: 1981-இல் போட்டிகளிலிருந்து விலகிய கரோல் மேன், தொலைக்காட்சி வருணனை, பயிற்சி ஆகியவற்றோடு, டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் நிறுவிய பெண்கள் விளையாட்டு அறக்கட்டளைக்கு 1985 முதல் 1990 வரை தலைவராகவும் இருந்தார். 2018-இல் காலமானார். வழக்குத் தொடுத்த ஜேன் பிளாலாக்கும் பிற்காலத்தில் நிர்வாகியாகவே உயர்ந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கிப் பெண்களுக்கான கோல்ஃப் பயிற்சி முகாம்களை நடத்தியவர், 45 வயதைக் கடந்த வீராங்கனைகளுக்கென ஒரு தனிச் சுற்று உருவாகவும் பாடுபட்டார்.

இன்றைய தலைமுறையில் இருவரைக் குறிப்பிடுவேன். தொழில்முறைச் சுற்றில் சில காலம் ஆடி, பின்னர் ஆட்டம் கற்றுத்தரும் பணியில் ஊன்றியவர் சூசி வேலி. 2002-இல் கனெக்டிகட் பயிற்றுநர்களின் போட்டியை வென்று, அதன் மூலம் மறு ஆண்டு ஆண்களுக்கான ஹார்ட்ஃபோர்டு போட்டியில் ஆடும் தகுதியைப் பெற்றார். கோல்ஃப் பயிற்றுநர்களின் சங்கமான அமெரிக்க பிஜிஏ 1916-இல் தொடங்கியது; அதற்கு முதல் பெண் தலைவராக 2018-இல் அவர் வந்தார். அதற்கு முன் நான்காண்டுகள் செயலர், துணைத் தலைவர் என்று படிப்படியாக ஏறியவர். மற்றவர் 72 எல்பிஜிஏ வெற்றிகளும் பத்துப் பெரும் பட்டங்களும் பெற்று 2008-இல் ஓய்வுபெற்ற சுவீடனின் அன்னிகா சோரன்ஸ்டாம். சிறுமியாக இருந்தபோது, வென்றால் மேடையேறிப் பேச வேண்டுமே என்று அஞ்சி, கடைசி அடிகளை வேண்டுமென்றே தவறவிட்டு இரண்டாம் இடத்தோடு நின்றுகொண்டவர் அவர். 2021 ஜனவரியில், ஒலிம்பிக் கோல்ஃபை நடத்தும் சர்வதேசக் கோல்ஃப் கூட்டமைப்பின் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

கேள்வி: எல்பிஜிஏ ஆணையர் பதவிக்கு வீராங்கனை ஒருவரே வருவதுதானே பொருத்தம்?

பதில்: 2005-இல் முதல் பெண் ஆணையராக வந்த கரோலின் பிவன்ஸும் ஊடக, விளம்பரத் துறையிலிருந்து வந்தவர்தான். ஓய்வுபெற்று, போட்டியில் பங்கு இல்லாத ஒரு வீராங்கனை அந்த நாற்காலியில் அமர்வதை நான் முழுமனதோடு வரவேற்பேன். ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் அமர்வதை வரவேற்க மாட்டேன். ஆடுபவர்களின் குரலுக்கு இயக்குநர் குழுவில் இடம் இருக்க வேண்டும். அபராதமும் தடையும் விதிக்கும் அதிகாரம் அவர்களுடைய கையில் இருக்கக் கூடாது.