கர்னலுக்கும் காலனிக்கும் என்ன உறவு?

கேள்வி: ஆங்கில அகராதியை முதல் பக்கத்தில் தொடங்கி, நாளுக்கு 20 சொல் வீதம் மனப்பாடம் செய்கிறேன். அடுத்தடுத்து வரும் சொற்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன, பொருளும் உச்சரிப்பும் மட்டும் வேறு வேறு. எல்லாம் கலந்து போகிறது. நீங்களே வாராவாரம் அகர வரிசையில் ஒரு பட்டியல் போடக் கூடாதா?

பதில்: போட மாட்டேன். உங்களைக் குழப்புவதே அந்த வரிசைதான்.

அகர வரிசை தேடுவதற்கு ஏற்பட்டது, படிப்பதற்கு அல்ல. நம்மவர்கள் நிகண்டை, அதாவது பழைய சொற்பொருள் நூலை, மனப்பாடம் செய்தார்கள் என்றால், அது செய்யுளாக இருந்தது. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி என்று பொருளால் சேர்ந்தும் இருந்தது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தது வேண்டிய சொல்லைச் சட்டென்று எடுக்கத்தான். ஆங்கிலத்தில் 1604-இல் ராபர்ட் காட்ரி என்ற ஆசிரியர் சுமார் 2,500 சொற்களுக்குப் பொருள் எழுதி அச்சிட்டபோது, இந்த வரிசையில் ஒரு சொல்லை எப்படித் தேடுவது என்பதையே வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

சரி, உங்கள் குழப்பத்துக்கு வருவோம். கோலன், கர்னல், காலனி மூன்றும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீடு, மூன்றும் 'சி-ஓ-எல்-ஓ-என்' என்றே தொடங்கும், ஆனால் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. கோலன் என்பதே இரண்டு சொல்: நிறுத்தக்குறி ஒன்று, பெருங்குடல் இன்னொன்று, இரண்டும் கிரேக்கத்தில் தனித்தனிச் சொற்களாக இருந்து ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குள் வந்து சேர்ந்தவை. காலனி லத்தீனில் உழவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கர்னல் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. படை வரிசையை நடத்துபவன் என்ற பொருளில் இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சுக்குப் போனபோது முதல் 'எல்' 'ஆர்' ஆக மாறி, அந்த வடிவத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிற்பாடு படித்தவர்கள் எழுத்தை மட்டும் இத்தாலிய மூலத்துக்குத் திருப்பினார்கள்; வாயோ பழைய 'ஆர்' ஒலியை விடவில்லை. அதனால்தான் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. இதை ஒருமுறை தெரிந்துகொண்டவர் ஆயுளுக்கும் 'கலோனல்' என்று சொல்ல மாட்டார், நூறு முறை உருப்போட்டவர் சொல்லக்கூடும்.

நமக்கு வரும் இன்னொரு இடர் அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது, ஆங்கிலத்தில் மாறும். 'டெஸர்ட்' என்று முதல் அசையை அழுத்தினால் பாலைவனம். அதே எழுத்துகளை 'டிஸர்ட்' என்று இரண்டாம் அசையில் அழுத்தினால் கைவிட்டு ஓடுதல். அடுத்த வரியில் இரண்டு 'எஸ்' போட்டு வருவது சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு, அதற்கும் 'டிஸர்ட்' என்பதுதான் உச்சரிப்பு. போதாததற்கு, ஒருவர் செயலுக்குத் தகுந்த பலன் என்ற பொருளில் 'ஜஸ்ட் டிஸர்ட்ஸ்' என்றொரு தொடர்; அதற்கு ஒற்றை 'எஸ்', ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இரண்டு போட்டுத் தவறுவதுண்டு. மாரல் என்றால் ஒழுக்கம், கடைசியில் ஒரு 'ஈ' சேர்ந்தால் மொரால், மன உறுதி. பெர்சனல், பெர்சனெல் இரண்டுக்கும் இதே கதை, பின்னதில் அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடும்.

எல்லா அண்டை வீட்டாரும் அந்நியர் என்றும் நினைத்துவிடாதீர்கள். உடுத்தும் சூட்டும், ஓட்டலில் தொகுப்பு அறைகளைக் குறிக்கும் ஸ்வீட்டும் (தின்பண்டம் அல்ல) ஒரு தாய் மக்கள்தான், 'பின்தொடர்வது' என்ற பிரெஞ்சுச் சொல் இரண்டு காலத்தில் இரண்டு முறை வந்தது. பின்னால் வந்தது பிரெஞ்சு வாசனையோடு நின்றுவிட்டது, அதனால் அதை 'சூட்' என்று படிக்காதீர்கள். படைப்பிரிவைக் குறிக்கும் 'கோர்', பிணத்தைக் குறிக்கும் 'கார்ப்ஸ்' இரண்டும் லத்தீனில் உடல் என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. முன்னதில் எழுத்தில் மட்டும் உள்ள 'பி', 'எஸ்' இரண்டையும் வாய்விட்டுச் சொன்னால் படைப்பிரிவு பிணமாகிவிடும்.

தொடர்களும் அப்படியே. 'பை அண்ட் பை' என்றால் சற்று நேரத்தில். ஒரு காலத்தில் அதற்கு 'உடனே' என்று பொருள், 'இதோ வந்துவிட்டேன்' என்றவர் அரை மணி கழித்து வருவதுபோல மெல்ல மெல்லத் தள்ளிப்போய்விட்டது. அடுத்து நிற்கும் 'பை அண்ட் லார்ஜ்' பாய்மரக் கப்பலோட்டிகளின் பேச்சு: காற்றுக்கு நெருக்கமாக முகம் கொடுத்தும், காற்றைப் பின்னால் வாங்கியும், இரண்டு விதமாகவும் ஓடும் கப்பலைப் பற்றிச் சொன்னது, இன்று 'பெரும்பாலும்' என்றாகிவிட்டது. பட்டியலில் இரண்டும் 'பை அண்ட்' என்று தொடங்கும், அவ்வளவுதான் ஒற்றுமை.

நாளுக்கு 20 வேண்டாம், மூன்று போதும். படிக்கும்போது எதிர்ப்படுகிற சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள், அழுத்தக் குறி எந்த அசையில் இருக்கிறது என்று கவனித்து இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். முதலில் அந்த மூன்று டிஸர்ட்டுகளையும், பாலைவனத்தையும் ஒரே பத்தியில் வைத்து எழுதி அனுப்புங்கள். திருத்தி இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.