தேருக்குச் சண்டை போட்டவர்கள் பரிசுத்த திருச்சபையா?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் உறுதிபூசுதல். மறைக்கல்வித் தேர்வுக்காக, ‘திருச்சபையின் நான்கு அடையாளங்கள்: ஒரே, பரிசுத்த, கத்தோலிக்க, அப்போஸ்தலிக்க’ என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டு, “போன திருவிழாவுல தேருக்கு யார் தோள் கொடுக்கிறதுன்னு ஊரே ரெண்டாகிச் சண்டை போட்டுச்சே, பாதித் தெருவுல தேர் நின்னுபோச்சே, அப்புறம் என்னம்மா ஒரே, பரிசுத்த?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த என் ஓரகத்தி சிரித்துவிட்டார். அவர் லுத்தரன் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேதான் போகிறார். “எங்க விசுவாசப் பிரமாணத்திலும் பரிசுத்த சபை இருக்கு. நீங்க மட்டும் எப்படி அதுக்குப் பட்டா போட்டீங்க?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மகளுக்கு என்ன சொல்லட்டும்?
- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகளை அதிகப்பிரசங்கி என்று அடக்கிவிடாதீர்கள். இருபது வருடமாகப் புதுச்சேரியில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். அந்த நாலு வார்த்தையையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு விளையாட ஓடிய பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் நின்று கேட்டிருக்கிறாள்.

ஓரகத்தி சொன்னதிலும் பாதி சரி. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் தந்த விசுவாச அறிக்கை, 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு விரிவடைந்தபோது அதில் இடம்பெற்றவை இந்த நாலு வார்த்தைகளும். லுத்தரின் பிரிவு வந்ததோ அதற்குப் பதினோரு நூற்றாண்டு கழித்து. ஆகவே இது அவருடைய தாத்தா சொத்தும்தான். அவர் சிரித்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகளைக் குத்தியது ‘பரிசுத்த’ என்ற வார்த்தை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதே கேள்வி 4-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவைக் கலக்கியிருக்கிறது. ரோம அரசின் துன்புறுத்தலுக்குப் பயந்து சில குருக்கள் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். துன்பம் தீர்ந்ததும், ‘இவர்கள் கையால் வாங்கும் திருமுழுக்கு செல்லாது, கறைபடாத நாங்கள்தான் திருச்சபை’ என்று ஒரு கூட்டம் பிரிந்து போனது. தொனாத்தியர் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களோடு வருடக்கணக்கில் வாதாடியவர் புனித அகுஸ்தீன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசே திருமுழுக்குக் கொடுத்தாலும் உண்மையில் கொடுக்கிறவர் கிறிஸ்துதான் என்பது அவர் சொன்ன பதில். திருச்சபையின் பரிசுத்தம் கிறிஸ்துவினுடையது. நம் நடத்தையைக் கூட்டிக் கழித்து வந்த மிச்சமாக அதை நாம் எண்ணுவதில்லை. நம் மாதிரி ஆட்களை அவர் தம்முடையவர்கள் என்று வைத்திருப்பதால்தான் அந்த வார்த்தையைச் சொல்லவே நமக்கு வாய் வருகிறது.

பூசை எப்படித் தொடங்குகிறது, யோசித்துப் பாருங்கள். பீடத்தில் நிற்கும் சாமியாரும், கடைசி பெஞ்சில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் அம்மாவும் சேர்ந்து நெஞ்சில் தட்டி, “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்கிறார்கள். ஆயர் வந்தாலும் அதேதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் தந்த திருச்சபை பற்றிய ஏடும், திருச்சபை பாவிகளைத் தன் மடியில் வைத்திருக்கிறது, பரிசுத்தமாக இருந்துகொண்டே எப்போதும் தூய்மைப்பட வேண்டியதாக இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்கிறது.

இதைச் சாக்காக வைத்துத் தேர்ச் சண்டையை மறந்துவிட முடியாது. அது பாவம்தான். மகளிடம் அந்தச் சொல்லையே சொல்லுங்கள். ‘அதெல்லாம் பெரியவங்க விஷயம்’ என்று மழுப்பினால் அவள் இனி எதையும் கேட்கமாட்டாள்.

அடுத்து ‘கத்தோலிக்க’. லுத்தரன் சபையினர் தமிழில் இதைப் ‘பொதுவான சபை’ என்கிறார்கள். அழகான தமிழ், எனக்குப் பிடிக்கும். முழுமைக்கும் உரியது என்பது கிரேக்க மூலத்தின் பொருள். நம்மிடம் இருக்கும் எழுத்துகளில் இதைத் திருச்சபைக்கு முதலில் சொன்னவர் அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார். சுமார் 110-ஆம் ஆண்டில், கொடிய மிருகங்களுக்கு இரையாக ரோமுக்கு இழுத்துச் செல்லப்படும் வழியில் ஸ்மிர்னா நகர மக்களுக்கு எழுதிய கடிதத்தில், இயேசு கிறிஸ்து இருக்கும் இடத்தில் கத்தோலிக்கத் திருச்சபை இருக்கிறது என்றார். அன்று கிறிஸ்தவர்கள் ஊருக்குச் சில வீடுகள். ஆக, உலகமெங்கும் பரவியதால் மட்டும் வந்த பெயரில்லை இது. யாரையும் வெளியே நிறுத்தாமல், கிறிஸ்துவை முழுசாகக் கொடுப்பதால் வந்த பெயர்.

அந்த வார்த்தை நம் மண்ணிலேயே அடிபட்டதும் உண்டு. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1745-ல் புதுச்சேரித் தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் இன்னொரு பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மக்கள் ஒருநாள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் கேட்டார்கள்: நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் ஆண்டவர் பார்க்காத பேதத்தை நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள்? அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. சுவரை இடிக்கச் சொன்னார். எழுதி வைத்திருப்பவர் கிறிஸ்தவர் அல்ல. அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கம் பிள்ளை, தம் நாட்குறிப்பில். சுவர் போனதோடு சாதி போய்விடவில்லை, அது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘கத்தோலிக்க’ என்பதற்கு அன்று சரியாக அர்த்தம் சொன்னவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்கிறேன்.

‘ஒரே’ என்பது ஒரே மாதிரி என்று ஆகாது. புதுச்சேரியில் கப்ஸ் கோயில் என்கிற தேவாலயத்தில் பிரெஞ்சிலும் பூசை நடக்கிறது. கேரளத்து சீரோ மலபார் சபைக்குத் தனி வழிபாட்டு முறையே உண்டு. கிழக்கத்திய சபைகள் 23, நம் இலத்தீன் சபை ஒன்று, எல்லாம் சேர்ந்து ஒரே விசுவாசம், ஒரே திருத்தந்தை. ஓரகத்தியின் பட்டா கேள்விக்கும் இங்கே நேராகப் பதில் சொல்லிவிடலாம். கிறிஸ்து நிறுவிய திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது என்று நாம் நம்புகிறோம். மரியாதைக்காக அதை மறைக்க வேண்டியதில்லை. அதே 1964 ஏடு, பரிசுத்தத்துக்கும் உண்மைக்கும் உரிய பல கூறுகள் நம் எல்லைக்கு வெளியிலும் உண்டு என்கிறது. தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் அவர் பெற்ற திருமுழுக்கை நம் திருச்சபை ஏற்கிறது. அவர் நமக்குச் சகோதரி.

‘அப்போஸ்தலிக்க’ என்பதை மகள் தன் நெற்றியிலேயே உணர்வாள். உறுதிபூசுதலுக்குப் பூசும் கிறிஸ்மா தைலம், ஒலிவ எண்ணெயில் வாசனைத் தைலம் கலந்தது. புனித வாரத்தில் பேராயர் தம் குருக்களோடு கூடி மந்திரிக்க, அது சின்னக் குப்பிகளில் பங்கு பங்காகப் போகிறது. அந்தப் பேராயர் தலையில் முன்பு வேறு ஆயர்கள் கைவைத்தார்கள். அவர்கள் தலையில் அவர்களுக்கு முந்தியவர்கள். இப்படியே பின்னால் போனால் இயேசு அனுப்பிய அப்போஸ்தலர்களின் கை வருகிறது என்பது நம் விசுவாசம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாசனை கொஞ்ச நேரம் போகாது. அப்போது சொல்லுங்கள், புரியும்.

லீவு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறுங்கள். மிஷன் வீதியில் சம்பா கோயிலுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அந்தச் சுவர்க் கதையை அங்கே வைத்துச் சொல்லுங்கள். 1761-ல் ஆங்கிலேயர் அந்தச் சுவர் இருந்த பழைய கோயிலை இடித்த பின் எழுந்த கட்டடம் இது. சுவரைத் தேடினால் கிடைக்காது. ஊர் திரும்பியதும், தேர்ச் சண்டையில் பேச்சு நின்றுபோன வீடு ஏதாவது இருந்தால், உறுதிபூசுதல் விருந்துக்கு முதலில் அந்த வீட்டுக்குப் போய் அழையுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள்.

ஓரகத்தியை மறந்துவிடாதீர்கள். ஞானத்தாயாகக் கத்தோலிக்கர்தான் நிற்க வேண்டும் என்பது விதி, அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம். முன் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார வைக்க எந்த விதியும் தடையில்லை. நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கும் ஆராதனை இருக்கும்.