ஒரு மன்னிப்புக் கடிதம், 60 லட்சம் கடன்

கேள்வி: அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில், கூட்டாளியான பிரான்ஸைக் கலக்காமலே அமெரிக்கர்கள் பிரிட்டனுடன் ஒப்பந்தம் போட்டார்களாமே? பிரான்ஸ் சும்மா விட்டதா?

பதில்: விடவில்லை. ‘பிரான்ஸின் சம்மதமின்றி எதுவும் செய்யக்கூடாது’ என்பது 1781-லேயே அமெரிக்க காங்கிரஸ் தன் தூதர்களுக்கு இட்ட உத்தரவு. அதை மீறித்தான் 1782 நவம்பர் 30-ல் பாரிஸில் பூர்வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் 15-ல் பிரெஞ்சு அமைச்சர் வெர்ஜென் காட்டமாக எழுதினார். இரண்டே நாளில் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினின் பதில்: மரியாதைக் குறைவு நேர்ந்தது உண்மை; ஆனால் நம்மைப் பிரித்துவிட்டதாக ஆங்கிலேயர் பூரிக்கிறார்கள், இந்தச் சிறு மனத்தாங்கல் வெளியே தெரியாமல் இருக்கட்டும். மன்னிப்பும் மிரட்டலும் ஒரே உறையில்! கேட்டிருந்த கடனில் 60 லட்சம் லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கிடைத்தது. முதல் தவணை 6 லட்சம் உடனே கப்பலேறியது. இறுதி உடன்படிக்கை 1783 செப்டம்பர் 3-ல்தான்.