சீயக்காயும் எண்ணெயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'பிலடெல்பியா' பார்த்தேன். 1993இல் வந்த படம், எனக்கு இப்போதுதான் வாய்த்தது. எய்ட்ஸ் வந்ததால் வேலையிலிருந்து நீக்கப்படும் ஆண்ட்ரூ பெக்கெட் என்ற வழக்கறிஞன் தன் நிறுவனத்தின் மீதே வழக்குப் போடுகிறான். டாம் ஹாங்ஸ் நடிப்புக்கு ஆஸ்கர் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் வீட்டார் ஒவ்வொருவராக வந்து விடைபெறுகிறார்கள். நம் ஊர் மாதிரி யாரும் மாரடித்துக் கதறவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்பது போலச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம்மால் ஏன் அப்படி அமைதியாக விடைகொடுக்க முடிவதில்லை? நம் ஒப்பாரி உண்மையான துக்கமா, ஊருக்குக் காட்டுவதா?

மருந்து வந்துவிட்டதால் படம் பழசாகிவிட்டது என்கிறான் என் நண்பன். ஆண்ட்ரூ தானாகத் தேடிக்கொண்டது என்பதால் எனக்கும் முழு இரக்கம் வரவில்லை. அப்பாவிகளுக்கு வந்தால் வேறு.

(என் மாமா 2003இல் இந்த நோயில்தான் இறந்தார். எங்களிடம் டிபி என்றார்கள். எனக்கு ஒன்பது வயது, முகத்தைப் பார்க்க விடவில்லை. அத்தைக்கும் உண்டு. மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறார். நாங்கள் அதிகம் போவதில்லை.)

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரிகளை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அங்கே வந்து சேருவதற்குச் சுற்றிய சுற்று. ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். இனி அத்தையைக் கேட்காமல் அவர் நோயைப் பற்றி யாரிடமும் சொல்லாதீர்கள். 2017இல் வந்த சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். 'தேடிக்கொண்டது', 'அப்பாவிகள்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அதே படத்தில் ஒரு பெண் சாட்சி சொல்ல வருகிறாள். ரத்தம் ஏற்றியதில் நோய் வந்தவள். உன் மேல் ஒரு தவறும் இல்லையே என்ற தொனியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவளிடம் பரிவு காட்டுகிறார். அவள் அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ள மறுக்கிறாள். இந்த நோய் வந்த மற்றவர்களைவிட நான் எந்த விதத்திலும் வேறில்லை, பிழைத்திருக்கப் பார்க்கிறேன் என்கிறாள். அந்த இடத்தில் தூங்கிவிட்டீர்களா? நெஞ்சுவலி வந்தவரிடம் எத்தனை வடை தின்றாய் என்று கணக்குக் கேட்டுவிட்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்?

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. இன்று பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை போதும். ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்கு இறங்கி, அப்படியே இருந்தால் உடலுறவு வழியாகக்கூடப் பரவாது. நீண்ட நாள் வாழலாம். ஆனால் அந்த மாத்திரையை உள்ளூரில் வாங்காமல், இரண்டு பஸ் மாறிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வாங்கிவரும் ஒருவரை எனக்குத் தெரியும். முதல் வேலையாக லேபிளைக் கிழித்துவிடுவார். பஸ் குலுங்கும்போது டப்பா சத்தம் போடக் கூடாது என்று உள்ளே பஞ்சு அடைத்துக்கொள்வார். படம் பழசு என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, உங்கள் நண்பருக்கு இல்லை.

சரி, ஒப்பாரிக்கு வருகிறேன். 1998இல் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், கோரையாற்றங்கரையில் ஒரு சாவு. என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். மோட்டார் மெக்கானிக். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்காத வருஷங்களில் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் பம்புசெட்டை நம்பித்தான் குறுவைக்கு நாற்று விடும். மோட்டார் காயில் கருகிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் வந்து அண்ணனைத்தான் எழுப்புவார்கள். செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவர் விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்திருக்கும். நான் சைக்கிள் பழகியபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த கை அது. அவருக்கு நோய் எப்படி வந்தது என்று எழுதப் போவதில்லை. நீங்களும் கேட்கக் கூடாது.

ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் அவரை மோட்டாருக்கு யாரும் கூப்பிடவில்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு கயிற்றுக்கட்டில், ஆணியால் பெருக்கல் குறி கீறிய ஓர் எவர்சில்வர் டம்ளர். காப்பியை உயரத் தூக்கித்தான் ஊற்றுவார்கள். வெளிநாட்டில் 1996லேயே கூட்டு மருந்து வந்து சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். பெரியம்மாவின் பத்து மா நிலத்தை, மூன்று ஏக்கர் சொச்சத்தை, விற்றாலும் ஒரு வருஷத்துக்குக் காணாது. 2001இல் நம் நாட்டு மருந்துக் கம்பெனி சிப்லா அதையே ஏழை நாடுகளுக்காக 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. அண்ணன் அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார்.

உடலை பாலிதீன் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். வேன் தெருமுனையில் நின்றது. வீட்டுக்குள் வேண்டாம், நேராக சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார்கள் பெரியவர்கள். பந்தல் இல்லை, பறை இல்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரவர் வாசலில் நின்றார்கள். எங்கள் பக்கம் ஒப்பாரி எப்படி நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். வந்தவள் இருப்பவளின் தோளில் கை போட வேண்டும், தலையோடு தலை சேர்க்க வேண்டும், அப்புறம்தான் குரலே எழும்பும். அன்று ஒருத்தி தோளை இன்னொருத்தி தொடவில்லை. அதனால் ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் ஆசைப்படுகிற அமைதி அன்று எங்கள் தெருவில் இருந்தது, க. அவ்வளவு கேவலமான ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

பெரியம்மாதான் வேனில் ஏறினார். "எம் புள்ளைக்கு நான் எண்ண வைக்காம வேற யாருடா வைப்பா?" தாளை நகத்தாலேயே கிழித்து முகத்தைத் திறந்தார். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், ஒரு கிண்ணத்தில் குழைத்த சீயக்காய். பொறுமையாகத் தலை முழுக்கத் தேய்த்தார், சின்னப் பிள்ளைக்கு தீபாவளிக்குத் தேய்ப்பது போல, காது மடலுக்குப் பின்னாலும் விட்டுவிடாமல். குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி ஊற்றினார். மூன்றாவது வீட்டு அத்தை மெதுவாக வந்து அவர் தோளில் கை வைத்தார். அப்போதுதான் பெரியம்மாவுக்குக் குரல் வந்தது. அது காட்டுவதற்கு அழுத அழுகையா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். இருபத்து நான்கு வயது, விலங்கியல் பட்டதாரி. தொட்டால் பரவாது என்று எனக்குத் தெரியும். காயமோ ரத்தமோ இருந்தால் கையுறை போட்டுக்கொண்டால் போதும் என்பதும் தெரியும். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்த கதையை நான் நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தப் படம் வெளிவந்த அதே 1993இல் டாக்டர் சுனிதி சென்னையில் இந்த நோயாளிகளுக்கென்றே ஒரு மையம் தொடங்கியதும் தெரியும். எல்லாம் தெரிந்தவன் மரத்தடியை விட்டு நகரவில்லை. வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டபோது இரண்டடி தள்ளி நின்று போட்டேன். அரிசி அண்ணனின் வாயில் விழவில்லை. கழுத்தில் விழுந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா அதைப் பொறுக்கி எடுத்து வாயில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால்தான் உங்களுக்குப் பிடித்த காட்சியைவிட இன்னொன்று என்னை உலுக்குகிறது. ஆண்ட்ரூவின் வழக்கை எடுத்து நடத்தும் ஜோ மில்லர், ஆண்ட்ரூ வழக்கு விஷயமாகத் தேடிவரும்போது கை குலுக்குகிறான். நோயின் பெயரைக் கேட்டதும் விலகிப் போகிறான். ஆண்ட்ரூ மேஜையில் எதையெல்லாம் தொடுகிறான் என்றே அவன் கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடுகிறான். அதே ஜோ கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஆண்ட்ரூவின் ஆக்சிஜன் முகமூடியைத் தன் கையால் சரிசெய்கிறான். முகத்தில் கை படுகிறது. விடைபெறும் காட்சி என்றால் எனக்கு அதுதான். மறுபடி பாருங்கள்.

2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் மாமாவுக்கு அது கிடைக்கவில்லை, அத்தைக்குக் கிடைத்தது. இத்தனை வருஷமாக அவர் தனியாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் 'அதிகம் போவதில்லை'.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போவீர்கள்தானே? அத்தை வீட்டுக்குப் போங்கள். போன் செய்துவிட்டுப் போகாதீர்கள், உங்களுக்கென்று பேப்பர் கப் வாங்கி வைத்துவிடுவார். திடீரென்று போய், திண்ணையில் உட்காராமல் நேராக அடுப்படிக்குப் போய், அவர் குடிக்கிற டம்ளரிலேயே காப்பி கேளுங்கள்.